சபைக் கூச்சம்

மேடைப் பேச்சாளன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு அது வேண்டாத பெயர்தான். ஆனால் நம் ஊர்களில் ஒருவன் நாலு புத்தகம் எழுதிவிட்டால் போதும், அவனைப் பிடித்து மேடையில் உட்கார வைத்து, கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, “இரண்டு வார்த்தை சொல்லுங்கள்” என்று ஒலிபெருக்கியை நீட்டாமல் விடமாட்டார்கள். அந்த இரண்டு வார்த்தையை முக்கால் மணி நேரம் நீட்டக் கற்றுக்கொண்டு எனக்கு நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. இந்த வித்தையை உத்தேசித்துத்தான் போன ஆவணி மாதம் என் தங்கை மகள் என்னைத் தேடி வந்தாள்.

அவள் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவள். நாலரை வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நன்றாகப் படித்தாள். படித்து முடித்து, கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, மேஜை, நாற்காலி, கண்ணாடி அலமாரி, அதில் வரிசையாகச் சூரண டப்பாக்கள் எல்லாம் வைத்து, பெயர்ப் பலகையும் மாட்டினாள். ஆறு மாதமாயிற்று. அந்த ஆறு மாதத்தில் படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தையல் கடைக்கு வழி கேட்க வந்தவர்கள்.

“இரண்டு தெரு தள்ளி ஒருத்தர் இருக்காரு மாமா. எந்தக் காலேஜிலயும் படிக்கலை. வாராவாரம் எங்கேயாவது ஒரு ஹால் பிடிச்சுப் பேசுதாரு. அவருக்குக் கூட்டம் வருது. நான் படிச்சிருக்கேன், எனக்கு ஈ வருது” என்றாள்.

இப்போது அவளுக்கும் ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருந்தது. ஊரிலுள்ள ஓய்வூதியர் சங்கம் ஒன்று தன் மாதக் கூட்டத்தில் ‘முதுமையும் ஆரோக்கியமும்’ என்ற தலைப்பில் பேச அவளைக் கூப்பிட்டிருந்தது. நூற்றிருபது பேர் வருவார்களாம். நூற்றிருபது பேருக்கும் முழங்கால் வலி, பாதிப் பேருக்குச் சர்க்கரை, மிச்சப் பேருக்கு ரத்த அழுத்தம், எல்லோருக்கும் பென்ஷன். ஒரு வைத்தியருக்கு இதைவிட உத்தமமான சபை கிடைக்காது. ஆனால் அவளுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“நோயாளி ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்தா எனக்குப் பயமே இல்லை மாமா. நூறு பேர் சேர்ந்து உட்கார்ந்தாத்தான் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுது.”

“நூறு பேரும் நோயாளிதானே?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் பாடத்தை ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அனுபவத்தில் கிடைத்தவை. முழுத் தாளைக் கையில் பிடிக்கக் கூடாது. கை கொஞ்சம் நடுங்கினாலும் தாள் அதைப் பத்து மடங்காக்கிக் கடைசி வரிசைக்குக் காட்டிக் கொடுத்துவிடும். தபால் கார்டு அளவுக்குக் கெட்டி அட்டை நடுங்காது. பேசுமுன் மூச்சை இழுப்பதைவிட, நன்றாக வெளியே விடுவது நல்லது. இழுத்த மூச்சோடு ஆரம்பித்தால் குரல் கிறீச்சிடும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்க வேண்டும், நடுவில் உள்ளது தெரிந்திருந்தால் போதும். ஒரு வாக்கியம் முடியும்வரை ஒரே முகத்தைப் பார்க்க வேண்டும், அடுத்த வாக்கியத்துக்கு அடுத்த முகம். சபை முழுவதையும் பார்க்கிறேன் என்று மின்விசிறி மாதிரி தலையைச் சுழற்றக் கூடாது. ‘எனக்குப் பேசத் தெரியாது’ என்று மட்டும் எக்காரணம் கொண்டும் ஆரம்பிக்கக் கூடாது. சபை அதை அப்படியே நம்பிவிடும்.

இதையெல்லாம் சொல்லும்போது என் குருநாதர் யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இலக்கியப் பேச்சாளர் யாரும் அல்ல. சிறுபிராயத்தில் நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பார்த்த லேகியக்காரன் ஒருவன்தான். ஒரு கூடையில் பாம்பு, கயிற்றில் ஒரு கீரி. இரண்டுக்கும் இதோ சண்டை, இதோ சண்டை என்பான். ஒரு நாளும் சண்டை நடந்ததில்லை. சண்டைக்காகக் கூடுகிற கூட்டத்தைச் சுற்றி ஒரு வட்டக் கோடு கிழித்து, கையைக் கட்டக் கூடாது என்பான், பாதியில் போகிறவனுக்கு என்னென்ன ஆகும் என்று மெதுவான குரலில் சொல்லுவான். உரத்த குரலில் பயமுறுத்துவதைவிட மெதுவான குரலில் பயமுறுத்துவது எவ்வளவு பலமானது என்பதை நான் அங்கேதான் கற்றேன். கடைசியில் லேகிய டப்பா வெளியே வரும். முதல் டப்பாவை வாங்குகிறவன் அவனுடைய மைத்துனன். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் இரண்டாவது டப்பாவை யாராவது வாங்கத்தான் செய்தார்கள். ‘குணமாகலாம்’ என்று அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ‘ஆகும்’ என்பான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆகவே, தங்கை மகள் எழுதிக்கொண்டு வந்திருந்த பேச்சை வாங்கிப் பார்த்ததும் என் பென்சில் தானாக ஓடிற்று. பார்த்த இடமெல்லாம் ‘ஒருவேளை’, ‘சிலருக்கு’, ‘பெரும்பாலும்’, ‘குறையக்கூடும்’. நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன்.

“மேடையில் நின்று ‘ஒருவேளை’ என்றால் சபை கொட்டாவி விடும், தாயி. வைத்தியருக்கே சந்தேகமென்றால் நாம் எதற்கு என்று எழுந்து போவார்கள்” என்றேன்.

“சந்தேகம்தானே மாமா உண்மை?” என்றாள். கூச்ச சுபாவமுள்ள பெண் இந்த இடத்தில் மட்டும் கூசவில்லை.

ஆனாலும் அவள் நியாயஸ்தி. எனக்கும் ஒரு கட்சி உண்டு என்று ஒத்துக்கொண்டு, அவளே எனக்குச் சாதகமாக ஒரு தகவலைச் சொன்னாள். இங்கிலாந்தில் தாமஸ் என்ற குடும்ப வைத்தியர் 1987-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தலைவலி, அசதி, உடம்பு வலி என்று தம்மிடம் வந்து, சோதித்துப் பார்த்ததில் குறிப்பாக எந்த நோயும் தென்படாத 200 பேரை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு சாராரிடம் ‘உமக்கு இன்னதுதான், சில நாளில் சரியாகிவிடும்’ என்று திடமாகச் சொன்னார். மற்றவர்களிடம் ‘உமக்கு என்னவென்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை’ என்றார். இரண்டு வாரம் கழித்து விசாரித்தபோது, திடமான பேச்சைக் கேட்டவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குச் சுகமாகியிருந்தது. மற்றவர்களில் 39 பேருக்குத்தான். மருந்து கொடுத்ததா கொடுக்காததா என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம்.

“பார்த்தாயா!” என்று நான் தொடையைத் தட்டினேன். “லேகியக்காரன் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்ததை உங்கள் தாமஸ் 1987-ல் எழுதியிருக்கிறார்.”

“அந்த 200 பேருக்கும் நோய் ஒண்ணும் இல்லை மாமா. அதை விட்டுட்டீங்களே” என்றாள் அவள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளிடம் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. அவளிடம் என்ன, வீட்டில் யாரிடமும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

1996-ல் எங்கள் ஊருக்கு ஓர் இயற்கை மருத்துவப் பிரமுகர் வந்தார். பெயர் வேண்டாம். வெள்ளை ஜிப்பா, கணீரென்ற குரல், எண்ணெய் தேய்த்த தேக்கு மாதிரி உடம்பு. அவர் கூட்டத்துக்கு வரவேற்புரை நிகழ்த்த என்னைக் கூப்பிட்டார்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அச்சிட்ட நோட்டீஸில் இருந்ததுதான்; கூட்டத்துக்கு அரை மணி முன்பு காப்பி சாப்பிடும்போதுதான் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தேன். ஆனால் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றதும் எனக்கு வழக்கமான ஆவேசம் வந்துவிட்டது. ‘கைராசிக்காரர்’ என்றேன், ‘ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணீரைத் துடைத்தவர்’ என்றேன். கைதட்டினார்கள். அப்புறம் அவர் எழுந்து, சர்க்கரை ஒரு நோயே அல்ல என்றும், தம்முடைய சூரணத்தைப் பதினைந்து நாள் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைச் சாக்கடையில் எறியலாம் என்றும் பேசினார். ‘ஒருவேளை’ என்ற வார்த்தை ஒன்றுகூட இல்லை. வாசலில் சூரணம் விற்றது.

இரண்டாவது வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். மகன் பேசுவதைக் கேட்க வந்தவள்.

அவள் மாத்திரையை நிறுத்தியது எங்களுக்கு நாலு மாதம் தெரியாது. காலில் செருப்பு வார் உரசிய இடம் புண்ணாகி, ஆறாமல் கறுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ‘ஏன் பாட்டி, யாரைக் கேட்டு மாத்திரையை விட்டீங்க?’ என்று டாக்டர் சத்தம் போட்டபோது, என் அம்மா என்னைப் பெருமையாகக் காட்டி, “என் மகனே மேடையில சொன்னான்” என்றாள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் உயிரோடு இருந்தாள். ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அந்தப் பெரிய மனிதரையும் சொன்னதில்லை. தான் சரியாகப் பத்தியம் இருக்கவில்லை என்றுதான் கடைசிவரை நம்பினாள்.

பிற்காலத்தில் ஒரு நாவலுக்காக மருந்து விளம்பரச் சட்டத்தைப் படிக்க நேர்ந்தது. 1954-ல் பாராளுமன்றம் நிறைவேற்றியது. இன்னின்ன நோயைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் 54 இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, குருடு எல்லாம் உண்டு; ஆளை உயரமாக்குவதுகூட உண்டு. விளம்பரம் என்றால் எது என்பதற்கு அவர்கள் எழுதியிருக்கும் விளக்கம் என்னைச் சிரிக்க வைத்தது. அச்சடித்த நோட்டீஸ் மட்டுமல்ல, வாயால் சொல்வதும், வெளிச்சத்தாலோ சத்தத்தாலோ புகையாலோ அறிவிப்பதும்கூட விளம்பரமாம். புகையைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று ரசித்துக்கொண்டே வந்தவன், அடுத்த பிரிவில் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் எவரும் ‘எவ்விதப் பங்கும்’ கொள்ளக் கூடாது என்று இருந்தது. வரவேற்புரை பங்கில் சேருமா என்று நான் எந்த வக்கீலையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தங்கை மகள் வந்ததும், “நேற்று நான் அடித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துவிடு” என்றேன்.

“நான் எதையும் எடுக்கவே இல்லையே மாமா. வேற தாள்ல அப்படியே எழுதி வச்சிருக்கேன்” என்றாள்.

அன்று நாங்கள் இருவருமாக உட்கார்ந்து வேறு ஒரு காரியம் செய்தோம். பேச்சில் இருந்த தயக்கச் சொற்களை எண்ணினோம். பதினொன்று. ஒவ்வொன்றாக எடுத்து, “இது உனக்கு நிச்சயமாகத் தெரியாததால் போட்டதா, கூச்சத்தால் போட்டதா?” என்று கேட்டேன். ‘தினமும் கொஞ்ச தூரம் நடப்பது ஒருவேளை நல்லது’ என்று எழுதியிருந்தாள். நடப்பது நல்லது என்பதில் சந்தேகம் என்ன? “யாராவது சண்டைக்கு வருவாங்களோன்னு பயம்” என்று ஒத்துக்கொண்டாள். அதை அடித்தோம். ‘தைலம் தேய்த்தால் சிலருக்கு முழங்கால் வலி குறையும்’ என்ற இடத்தில் ‘சிலருக்கு’ என்பதை எடுக்க முடியாது. எல்லோருக்கும் குறையாது என்பது அவள் கண்ணால் பார்த்தது. அது நின்றது. இப்படிப் பார்த்ததில் கூச்சத்தால் வந்தவை நாலு, படிப்பால் வந்தவை ஏழு. நாலையும் எடுத்ததும் அந்த ஏழும் வேறு மாதிரி தொனித்தன. முன்பு முனகலாகக் கேட்டவை இப்போது கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாற்பது வருஷமாக மேடையேறி இறங்குகிறவன் இதை ஒரு சின்னப் பெண்ணோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’க்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அது 73-வது. அதற்கு முந்தியது ‘அவை அறிதல்’. நான் மனப்பாடம் செய்து மேடையில் விளாசியதெல்லாம் பின்னதைத் தாண்டிக் குதித்து முன்னதைத்தான்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். வடையும் காப்பியும் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். அது தவறு, பின்னால் கொடுத்தால் கூட்டம் கலையாது. அவள் ஏறினாள். அட்டை கையில் நடுங்கவில்லை. முதல் வாக்கியம் சுத்தமாக வந்தது. மூன்றாவது வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரை அவள் பார்த்த பார்வையில் அவர் மெல்லுவதை நிறுத்தினார். இருபது நிமிஷம் நன்றாகத்தான் பேசினாள். எனக்கு உள்ளூர வாத்தியார்ப் பெருமை.

அப்புறம் கேள்வி நேரம். ரிடையரான தாசில்தார் ஒருவர் எழுந்தார். எழுந்த தோரணையிலேயே தாலுகா ஆபீஸ் தெரிந்தது.

“ஏம்மா, சுத்தி வளைக்க வேண்டாம். உங்க மருந்தை மூணு மாசம் சாப்பிடுதேன். இந்தச் சர்க்கரை மாத்திரையை விட்டுடலாமா? ஆமாவா, இல்லையா?”

ஹால் நிமிர்ந்து உட்கார்ந்தது. நூற்றிருபது பேரும் கேட்க வந்த கேள்வி அதுதான். அவள் பேசவில்லை. வாக்கியத்துக்கு நடுவே கொஞ்சம் நிறுத்தினால் சபை கவனிக்கும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் இது அந்த நிறுத்தம் அல்ல. நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று பயந்தேன். இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாளோ என்பது. சொன்னால் நாளைக்குச் சந்து முழுவதும் செருப்பாகக் கிடக்கும். ஆறு மாத வாடகை ஒரு வாரத்தில் வந்துவிடும்.

“விடக் கூடாது தாத்தா” என்றாள். குரல் சின்னதாகத்தான் இருந்தது. “நான் சொன்னாலும் விடாதீங்க. ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்து, உங்களுக்கு மாத்திரை எழுதின டாக்டர் சொன்னாத்தான் குறைக்கணும்.”

“அப்போ உங்க மருந்து எதுக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“அது உங்களைத் தனியாப் பார்த்தாத்தான் தெரியும். பார்க்காம இங்கேயிருந்தே சொன்னா அது ஜோசியம்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வின் சத்தம் மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். பாத்திரத்திலிருந்து தண்ணீர் இறங்குகிற மாதிரி இருக்கும். நன்றி கூறிய காரியதரிசி, ‘அம்மையார் தன்னடக்கத்துடன் பேசினார்கள்’ என்றார். மேடைப் பாஷையில் இதற்குச் சுகப்படவில்லை என்று அர்த்தம்.

அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, முன்னாலிருந்து அவளே பேசினாள்.

“சின்ன வயசுல ஆச்சி காலுக்கு நான்தான் எண்ணெய் தேய்ச்சு விடுவேன், ஞாபகம் இருக்கா மாமா? எண்ணிப் பார்ப்பேன். எட்டு விரல்தான் வரும். எல்லா ஆச்சிக்கும் எட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தக் கூட்டத்தைப் பற்றி அம்மா சொல்லியிருக்கா” என்றாள். “யார் வரவேற்புரைன்னும் சொல்லியிருக்கா.” அப்புறம் வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினாள். “கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க.”

திங்கட்கிழமை காலையில், வேலை ஒன்றும் இல்லாதவன் மாதிரி பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் அவள் வைத்தியசாலையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தையல் கடைக்கு வழி கேட்டார். ஓர் அம்மாள் முதுகு வலிக்குத் தைலம் வாங்கிப் போனாள். மூன்றாவதாகப் படியேறியவர் அந்தத் தாசில்தார். கையில் ஒரு மஞ்சள் பை. மேஜைமேல் அதைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், பாதி தீர்ந்த சூரண டப்பா ஒன்று. இரண்டு தெரு தள்ளி இருப்பவருடையது என்று மேலே ஒட்டியிருந்த படத்திலிருந்து தெரிந்தது.

“இதுல எதை நான் நிறுத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லணும்” என்றார்.

அவள் சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

“முதல்ல செருப்பைக் கழற்றுங்க தாத்தா. காலைப் பார்க்கணும்.”